சாய்பலகை கிடந்த இடம்

அத்தியாயம் பதினொன்று

சர்ச்சிலிருந்து திரும்பிய வெல்மா உடைகூட மாற்றவில்லை. கைப்பையை முன்தாழ்வாரத்து நாற்காலியில் வைத்துவிட்டு, பூவாளியை நிரப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

சர்ச்சுக்குப் போகிற வழியில் கல்லறைக்குப் போய், காப்பி டப்பாவில் பியோனிப் பூக்களை வைத்துவிட்டு வந்திருந்தாள். போர்வீரர் நினைவு நாள் வாரத்தில் ஊரே அப்படித்தான் செய்யும். கணவர் லாய்டின் கல்லுக்குப் பக்கத்துக் கல்லிலும் யாரோ அதே கம்பெனி டப்பாவை வைத்திருந்தார்கள். அந்தக் காப்பி லாய்டுக்குப் பிடிக்கவே பிடிக்காது. டப்பா மட்டும் பிடிக்கும். ஆணி போட்டு வைப்பார்.

குளிர்காலம் தொடங்கும்போது லாய்ட் போனதையும், அவருடைய சக்கர நாற்காலிக்காகத் தாழ்வாரத்திலிருந்து கார் பாதைவரை மகன் கர்ட்டிஸ் அடித்துக்கொடுத்த சாய்பலகையை அவனே வந்து கழற்றியதையும் வாசகர்கள் அறிவார்கள். பலகை போன பிறகு அதன் அடியில் கிடந்த தரை வெளியே தெரிந்தது. புல் செத்து, கதவு அகலத்துக்கு வெறும் மண். வீதியில் போகிற எல்லோர் கண்ணும் முதலில் அங்கேதான் விழும்.

மகள் மார்சியா கொலம்பஸில் தன் வீட்டை ஒட்டி அம்மாவுக்கென்று ஓர் அறை கட்டி முடித்துவிட்டாள். இந்த வீட்டை வாங்க அவளோடு வேலை பார்க்கும் ஒரு ஜோடி காத்திருக்கிறது. 'யோசிச்சுச் சொல்றேன்' என்று வெல்மா தள்ளிக்கொண்டே வந்தாள். இன்று மதியம் சாப்பாட்டுக்கு வரும்போது பதில் வேண்டும் என்று மார்சியா போனில் சொல்லியிருந்தாள்.

ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் தெரியாது. வெல்மா தனக்குள்ளேயே ஒரு பந்தயம் கட்டியிருந்தாள். ஏப்ரல் கடைசியில் அந்த வெறும் மண்ணைக் கீறிவிட்டுப் புல்விதை தூவினாள். மேலே வைக்கோல் பரப்பினாள். அது பச்சை கட்டினால் இங்கேயே இருப்பது. கட்டாவிட்டால் மார்சியாவோடு போவது. இத்தனை வருஷமும் இந்தப் புல்தரை லாய்டின் ராஜ்யம். ஒரு கதவு அகலத்துக்குக்கூடத் தன்னால் புல் வளர்க்க முடியவில்லை என்றால், மீதியை எப்படிக் காப்பாற்றுவது?

தினமும் காலையில் தண்ணீர் விட்டாள். வைக்கோல் காற்றில் பறந்து போனது. மண் அப்படியே இருந்தது. இன்றும் குனிந்து பார்த்தாள். எறும்பு ஒன்று ஒரு விதையைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்காவது உபயோகப்பட்டதே என்று நினைத்துக்கொண்டாள்.

"வெல்மா, உங்க வீட்டுப் பஞ்சு பூரா என் புல்லுல வந்து இறங்குது."

பக்கத்து வீட்டு ஹார்லன். நுனி பிளந்த களைக்கம்பி கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் ஆராதனை முடியும்வரை அந்தத் தெருவில் யாரும் புல்வெட்டும் மெஷினை முடுக்கமாட்டார்கள். கம்பி சத்தம் போடாது என்பதால் ஹார்லன் அதை விலக்காக வைத்திருந்தார். வெல்மாவின் புல்லில் டாண்டிலியன்கள் மஞ்சள் பூ பூத்து முடித்து, வெள்ளைப் பஞ்சுத் தலையோடு நின்றன. ஒரு காற்று வந்தால் அத்தனையும் வேலியைத் தாண்டும்.

"லாய்ட் இருந்தா வேலியாண்ட வந்து மன்னிப்புக் கேட்டிருப்பான்" என்றார்.

"லாய்ட் இருந்திருந்தா அந்தப் பஞ்சே உங்க பக்கத்துலேர்ந்துதான் வருதுன்னு சொல்லியிருப்பார்."

ஹார்லன் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அவள் கார் பாதையின் ஓரத்தைக் களைக்கம்பியால் காட்டினார். வருஷா வருஷம் நண்டுப்புல் முதலில் தலை காட்டும் இடம் அதுதான். வெயில் பட்ட சிமெண்ட் சூட்டில் முளைத்து, நண்டுக் கால் மாதிரி நாலு பக்கமும் விரித்துக்கொண்டு ஓடும். தன் பக்கத்தில் அது வந்துவிட்டது என்றும், அவள் பக்கத்தில் மருந்துக்குக்கூட ஒன்று இல்லை என்றும், களை வராமல் என்ன மருந்துக் குருணை போட்டாள் என்றும் கேட்டார்.

எதுவுமே போடவில்லை என்றாள் வெல்மா. அது உண்மை. குருணை தூவும் வண்டி கார் ஷெட்டில் லாய்ட் விட்ட இடத்திலேயே நின்றது. அதன் திருகில் அவர் வைத்த அளவு அப்படியே இருந்தது. அதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை.

"பேரைச் சொல்ல மாட்டீங்க. சரி, விடுங்க" என்று ஹார்லன் நம்பாமல் போனார்.

*

கர்ட்டிஸ் வந்தபோது அவள் பூவாளியைக் காலி செய்து தாழ்வாரத்தின் பின்னால் மறைத்துவிட்டிருந்தாள். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மேற்பார்வையாளன். விவாகரத்துக்குப் பிறகு ஊரின் மறுகோடியில் ஒற்றை அறையில் இருக்கிறான். அப்பாவின் தோள்கள் அவனுக்கு. பேச்சும் அப்பாவைப் போலவே குறைவு. அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டான். சாப்பிட்டதும் புல் வெட்டுவதாகச் சொல்லிவிட்டு, நேரே கார் பாதை ஓரத்துக்குப் போய்க் குனிந்து நெடுநேரம் எதையோ பார்த்தான். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. வெல்மா அதைக் கவனித்தாள். காரணம் கேட்கவில்லை.

அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே இந்தப் புல் ஒரு பெரிய கதை. போன வருஷ வசந்தத்தில் லாய்ட் சக்கர நாற்காலியில் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு, குருணை தூவும் வேலையைக் கர்ட்டிஸிடம் ஒப்படைத்தார். ஃபோர்சிதியா புதரின் மஞ்சள் பூ கொட்ட ஆரம்பித்தால் அதுதான் நாள். அதற்கு முன்னால் போட்டால் மழை அடித்துக்கொண்டு போகும், பின்னால் போட்டால் நண்டுப்புல் முந்திக்கொள்ளும். 'நேரா போ, வளைஞ்சு போகாதே, போன தடத்து ஓரத்துல சக்கரம் வரணும்' என்று லாய்ட் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கர்ட்டிஸ் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தள்ளினான். நடுவில் எங்கோ ஒரு தடம் விட்டுப்போயிற்று. ஆகஸ்டில் புல்தரையின் குறுக்கே நண்டுப்புல் ஒரே கோடாக எழுந்து நின்றது.

லாய்ட் அதைப் பிடுங்கவிடவில்லை. வருகிறவர்களையெல்லாம் கூட்டி, "எம் பையன் கையெழுத்துப் போட்டிருக்கான் பாருங்க" என்று காட்டினார். பெருமையாகச் சொல்கிறாரா கேலியா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. வெல்மாவுக்கு மட்டும் தெரியும். கர்ட்டிஸுக்குத் தெரிந்திருக்கவில்லை.

*

மார்சியா உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். காரிலிருந்து இறங்கியவள் வெறும் மண்ணின் ஓரத்தில் நின்று, அதையும் பஞ்சுத் தலைகளையும் மேப்பிள் மரத்தடியில் தரையோடு தரையாகப் படர்ந்திருந்த கொடிக்களையையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் விட்டதே வெல்மாவுக்கு உறைத்தது.

சாப்பாட்டு மேஜையில் புது அறையைப் பற்றிப் பேசினாள். ஜன்னல் கிழக்குப் பார்த்தது. திரைச்சீலையைத் தானே தைத்திருக்கிறாள், நீலத்தில். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாயிற்று. அந்த ஜோடி நாளைக்கு வேறொரு வீட்டைப் பார்க்கப் போகிறார்கள், அதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது. மார்சியாவிடம் அவசரம் இருந்தது, வஞ்சகம் இல்லை. போன குளிர்காலத்தில் ஒரு நாள் வெல்மா வாசல் பனியில் வழுக்கி விழுந்து, ஹார்லன் வந்து தூக்கும்வரை அப்படியே கிடந்ததிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை.

வெல்மா ஹாம் துண்டைப் பாதியாக வெட்டினாள். பாதியை மறுபடி பாதியாக்கினாள்.

"நான் வந்துடறேன் மார்சியா."

மார்சியா கரண்டியைக் கீழே வைத்தாள். சந்தோஷப்பட வேண்டியவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தாள்.

"நிஜமாவா? நான் கட்டாயப்படுத்தறேன்னு..."

"இல்ல. நானே பரீட்சை வெச்சுப் பார்த்துட்டேன். எனக்கு ஒரு புல்லுகூட முளைக்கல."

ஒருவருக்கும் புரியவில்லை. வெல்மா பந்தயத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போதே அது சின்னப் பிள்ளை விளையாட்டாகப் பட்டது. விதை தூவியது, தண்ணீர் விட்டது, குனிந்து குனிந்து பார்த்தது. இடுப்பு வலியை மட்டும் விட்டுவிட்டாள்.

கர்ட்டிஸ் மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

"எங்கம்மா விதை போட்டே?"

"சாய்பலகை கிடந்த இடத்துலதான். வேற எங்க?"

"எப்போ?"

"இவ பொண்ணை சர்ச்சுல முழு உறுப்பினரா சேர்த்த திடப்படுத்தல் ஆராதனை முடிஞ்ச மறுவாரம்."

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். துடைக்கும் துணியைத் தட்டின் மேலேயே போட்டுவிட்டு வெளியே போனான். கம்பிவலை போட்ட திரைக்கதவு தானாக அடித்துக்கொண்டது.

"எப்பவும் இப்படித்தான்" என்றாள் மார்சியா. "ஏதாவது பேச ஆரம்பிச்சா எழுந்து போயிடுவான். அன்னிக்கு என் பொண்ணு ஆராதனைக்கும் வரல. ஷிஃப்ட்டாம்."

வெல்மா எழுந்து அவன் பின்னால் போனாள்.

*

கர்ட்டிஸ் வெறும் மண்ணின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்களால் நொறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் அவள் போட்ட விதைகள் உமியோடு அப்படியே கிடந்தன.

"இது முளைக்காதும்மா."

"அதான் தெரியுதே."

"உன் கை மேல தப்பில்ல. நான் மருந்து போட்டிருக்கேன்."

மெல்ல மெல்ல வந்தது கதை. அன்றைக்கு அவனுக்கு ஷிஃப்ட் எதுவும் இல்லை. எல்லோரும் கொலம்பஸில் ஆராதனையில் இருப்பார்கள், இந்தத் தெருவும் சர்ச்சில் இருக்கும் என்று தெரிந்தேதான் வந்திருக்கிறான். ஃபோர்சிதியா பூக்கள் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தன. கார் ஷெட்டைத் திறந்து அப்பாவின் வண்டியை எடுத்தான். திருகைத் தொடவில்லை. நீளவாட்டில் ஒரு தரம் போனான், பிறகு குறுக்குவாட்டில் ஒரு தரம். சாயங்காலம் மழை வந்து குருணையைக் கரைத்துவிட்டது. வண்டியைப் பழைய இடத்தில், பழைய பக்கம் பார்த்தபடியே நிறுத்திவிட்டுப் போய்விட்டான்.

அந்தக் குருணை விதையை முளைக்கவிடாமல் அடிக்கிற மருந்து. நண்டுப்புல் விதை எது, வெல்மா காசு கொடுத்து வாங்கிய நல்ல விதை எது என்று அதற்குப் பேதம் கிடையாது.

"இங்க வெறும் மண்ணா இருந்துச்சா, களை முதல்ல இங்கதான் வரும்னு..." அவன் நிறுத்தினான். "இங்க மட்டும் ரெண்டு தடவை அதிகமாவே போட்டேன்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

அவன் மண்ணைக் கீழே போட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்தான்.

"ஆகஸ்ட்ல நீயா பார்த்துட்டுக் கேப்பேன்னு நெனச்சேன். ஒரு கோடுகூட இல்லையே, யாரு போட்டதுன்னு."

வெல்மா அவனையே பார்த்தாள். அவள் காலைதோறும் ஊற்றிய தண்ணீரை நினைத்துக்கொண்டாள். அந்தத் தண்ணீர் மருந்தைத்தான் பத்திரமாக மண்ணுக்குள் இறக்கியிருக்கிறது. அவன் அவளுக்குத் தெரியாமல் களையைத் தடுத்திருக்கிறான். அவள் அவனுக்குத் தெரியாமல் புல்லை விதைத்திருக்கிறாள். ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இந்த வீட்டில் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எப்போதும் பஞ்சம்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியாமல் தாழ்வாரத் தூணைப் பிடித்துக்கொண்டாள். வேலிக்கு அப்பால் ஹார்லன் களைக்கம்பியோடு நிமிர்ந்து பார்த்தார். கர்ட்டிஸ் திருதிருவென்று விழித்தான். பிறகு அவனும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"உங்கப்பா அந்தக் கோட்டை ஏன் புடுங்கவிடல தெரியுமா?" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "சாயங்காலம் ஆனா அதைப் பார்த்துட்டே உக்காந்திருப்பார். 'மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாவது செஞ்சான் பாரு'ம்பார்."

கர்ட்டிஸ் கார் பாதை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தூணை விட்டுவிட்டு அவள் கேட்டாள், இனி இங்கே எப்போது விதை போடலாம் என்று. கோடை முடிகிறவரை மருந்தின் வேகம் இருக்கும், செப்டம்பரில் போட்டால் பிடித்துக்கொள்ளும் என்றான். லாய்டும் புல்விதைக்கு எப்போதும் செப்டம்பர்தான் பார்ப்பார். அவசரத்தில் அவள் அதையும் மறந்திருந்தாள்.

"அப்போ செப்டம்பர்ல நான் இங்க இருக்கணும்" என்றாள் வெல்மா.

*

மார்சியா திரைக்கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"இப்பதானேம்மா வர்றேன்னு சொன்னே? ஒரு துண்டு மண்ணைப் பார்த்தா ஒருத்தர் எங்க வாழறதுன்னு முடிவு பண்ணுவாங்க?"

"அந்தத் துண்டு மண்ணைப் பார்த்துத்தான் வர்றேன்னு சொன்னேன். அப்ப நீ ஒண்ணும் கேக்கலையே."

மார்சியா தாழ்வாரப் படியில் சர்ச்சு உடையோடு உட்கார்ந்துவிட்டாள். நீலத் திரைச்சீலையை எத்தனை ராத்திரி உட்கார்ந்து தைத்தாள் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் அழுதாள். வெல்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பனியில் விழுந்து கிடந்த அன்று தனக்கும் பயமாகத்தான் இருந்தது என்று முதல் தடவையாக ஒப்புக்கொண்டாள். பனி கொட்டுகிற மாதங்களில் கொலம்பஸுக்கு வந்துவிடுகிறேன், அந்த ஜன்னலில் வெயில் காய்கிறேன், வசந்தத்தில் திரும்பிவிடுகிறேன் என்றாள். குளிர்காலத்தில் புல்லுக்கு வேலை இல்லை.

"அப்போ புல்லுக்கு லீவு விட்டாத்தான் மகளா?"

"வருஷத்துல பாதி பனிதானேடி இந்த ஊர்ல. உனக்குத்தான் அதிகம்."

மார்சியா மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு முழுச் சமாதானம் ஆகவில்லை என்பது வெல்மாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் எழுந்து உள்ளே போய், அந்த ஜோடிக்குப் போன் செய்து, அம்மா விற்கிற எண்ணத்தில் இல்லை என்று தெளிவாகச் சொன்னாள். திரும்பி வந்ததும் காலணியைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கினாள். ஒரு டாண்டிலியனின் தலையைப் பிடித்து, யார் மேலோ உள்ள கோபத்தோடு இழுத்தாள். வேர் பாதியில் அறுந்தது.

"இது திரும்ப வரும்" என்றான் கர்ட்டிஸ்.

"வரட்டும். நானும்தான் வருவேன், பார்க்கறதுக்கு" என்றாள் அக்கா, தம்பியை முறைத்தபடி. பிறகு மிச்சமிருந்த ரூபார்ப் பை பலகாரத்தில் பெரிய துண்டை அவன் தட்டில்தான் வைத்தாள்.

*

மார்சியா புறப்பட்டுப் போன பிறகு கர்ட்டிஸ் புல்லை வெட்டி முடித்தான். பஞ்சுத் தலைகளை முதலில் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் மெஷினை முடுக்கினான். ஹார்லன் வேலியோரம் நின்று மேற்பார்வை பார்த்தார். குருணையின் பேரை இப்போது கர்ட்டிஸிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெட்டிய புல்லின் வாசனை தாழ்வாரம்வரை வந்தது. வெல்மா இரண்டு கிளாஸில் ஐஸ் டீ கொண்டுவந்தாள். இருவரும் படியில் உட்கார்ந்தார்கள்.

மேப்பிள் மரத்தடியில் படர்ந்திருக்கும் கொடிக்களையைப் பற்றிப் பேசினார்கள். கணுவுக்குக் கணு வேர்விடுகிற ஜாதி. மருந்துக்கு லேசில் சாகாது. ஒரு துணுக்கு விட்டாலும் மறுபடி படரும். உட்கார்ந்து கையால்தான் உருவி எடுக்க வேண்டும், ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை.

"நாளைக்கு நினைவு நாள் லீவுதானே. வர்றியா, ஆரம்பிக்கலாம்?" என்றாள்.

"வர்றேம்மா."

"செவ்வாய்க்கிழமை நானே பார்த்துக்கறேன். உனக்கு வேலை இருக்கும்."

கர்ட்டிஸ் கிளாஸைச் சுழற்றிப் பனிக்கட்டி கரைவதைப் பார்த்தான்.

"செவ்வாய்க்கிழமையும் வர்றேன்."

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். இந்த வசந்தம் முழுக்க ஷிஃப்ட், ஷிஃப்ட் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"புதன்கிழமை?"

தெருவில் யாரோ கடைசியாக மெஷினை அணைத்தார்கள். எல்லாப் பக்கமும் சட்டென்று அமைதியானது.

"புதன்கிழமையும் வரலாம்மா" என்றான். "எந்தக் கிழமை வேணும்னாலும். இப்ப எனக்கு ஷிஃப்ட்டே இல்ல."

வெல்மா கிளாஸைப் படியில் வைத்தாள். எழுந்து உள்ளே போனாள். மாடி ஏறி, அவனுடைய பழைய அறையின் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கட்டிலுக்கு உறை தேடினாள்.